எழுபதடி வராந்தா

கல்லூரியின் பழைய கட்டடத்துக்கு முன்னால் செங்கல் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே கலைவாணிக்கு வயிறு எரிந்தது. வராந்தாவைச் சுவர் வைத்து அடைத்து ஆறு கம்ப்யூட்டர் அறை கட்டப் போகிறார்களாம். கம்ப்யூட்டர் வரட்டும், யார் வேண்டாம் என்றது? கொல்லைப்பக்கம் அரை ஏக்கர் முள் மண்டிக் கிடக்கிறதே, அங்கே கட்டினால் கை வலிக்குமா?

அவள் அங்கே வரலாற்று விரிவுரையாளர், அதுவும் தற்காலிகம். வருஷா வருஷம் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. ஆனால் நெசவாளி வீட்டுப் பெண். 1908-ல் வெள்ளைக்காரன் கல்லூரிக்கு இடம் தேடியபோது, பாவு விரிக்கிற பொது மைதானத்தைக் கொடுத்தது ஊர் நெசவாளிகள்தான். மழை நாளில் வராந்தாவில் பாவு விரித்துக்கொள்வோம் என்று பேசித்தான் கொடுத்தார்கள். பாவு என்பது மூன்று பட்டுச் சேலைக்கான நீள நூல்; அதை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்க அறுபதடி வேண்டும். கட்டடத்தைக் கோபுரமும் மாடமுமாக வரைந்து வைத்திருந்த துரை வாயை மூடிக்கொண்டு முகப்பைத் திருத்தினான். எழுபதடிக்கு ஒரே நேரான வராந்தா, காற்றுக்கு ஒன்பது வளைவு, இரண்டு கோடியிலும் இரும்புக் கொக்கி. முப்பது வருஷத்துக்கு முன் கல்லூரிக்கு கேட் போட்டதோடு நெசவாளிகள் வருவது நின்றுபோயிற்று.

இதையெல்லாம் சொன்னபோது முதல்வர் உமாபதி சிரித்தார். "பேப்பர் இருக்காம்மா?"

"கரையான் தின்னுடுச்சு சார். கட்டடம் இருக்குதே. கொக்கி இருக்குதே."

"அது கலெக்டர் குதிரையைக் கட்ட வெச்சது. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

"பதினோரு படி ஏறியா சார் குதிரை வந்துச்சு?"

சிரிப்பு நின்றது. "உங்க ரினீவல் ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ரோஷம் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையும் அடைமழை. கொத்தனார்கள் வராந்தாவில் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, கலைவாணி சித்தப்பா குமாரவேல் வீட்டில் நின்றாள். நாலு நாள் மழையில் சாயம் போட்ட பாவு விரிக்க இடமில்லாமல் மூலையில் கிடந்தது.

"நம்ம வராந்தால விரிக்கலாம், வா சித்தப்பா."

"உன் வேலை பூடும்மா."

"வேலை பூட்டா தறியில உக்காந்துக்கறேன். வராந்தா பூட்டா எங்க போறது?"

ஏழு பேர் தார்ப்பாயில் பாவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கொக்கிக்குக் கொக்கி இழுத்துக் கட்டியதும் இரண்டு கோடியிலும் ஆள் நிற்க ஐந்தைந்தடி மிச்சம், அளந்து வைத்தாற்போல. கொத்தனார்கள் கரணையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். விரித்த பாவைத் தாண்டுகிற துணிச்சல் இந்த ஊரில் எவனுக்கும் கிடையாது.

உமாபதி ஓடி வந்தார். "எடுங்கய்யா இதை!"

"கஞ்சி போட்டாச்சு சார்," என்றார் குமாரவேல். "காயாம எடுத்தா இழையெல்லாம் ஒட்டிக்கினு பாழாப்பூடும்."

"எப்ப காயும்?"

"மழைய கேளுங்க."

மாடிப்படியில் நின்ற மாணவர்கள் விசிலடித்தார்கள். உமாபதி கலைவாணி பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு மெமோ வரும்."

"குடுங்க சார். எனக்குக் கை ஒழியல, அந்தத் தூண்ல ஒட்டிடுங்க. ஊரே படிக்கட்டும். ஒட்டறதுக்குக் கஞ்சி இங்கயே இருக்குது."

அவருடைய அறை வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில், சுவரிலிருந்து வளைவுவரை அடைத்துக்கொண்டு, அரக்குச் சிவப்பில் அறுபதடிப் பாவு. ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு பதினோரு படியும் இறங்கி, மழையில் நனைந்தபடி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலமே மெமோ வந்தது. கலைவாணி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாளும் மழை விடவில்லை. காலை ஆறு மணிக்கே கல்லூரி கேட்டில் ஒன்பது வீட்டுக்காரர்கள் பாவோடு வரிசையில் நின்றார்கள்.