மொட்டைத்துரைத் தோட்டத்துப் பாடம்

ஊர்மிளாவின் பாடம் பிழைக்கப் பத்துப் பேர் வேண்டும். ஹட்டன் டவுனுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் அந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறை, இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு ஐந்து விருப்பப் பாடங்களை வைத்திருந்தது. ஒருவர் ஒன்றைத்தான் எடுக்கலாம். பத்துப் பேர் சேராத பாடத்தை நடத்த மாட்டார்கள். அப்படி விழுந்த பாடம் மறுபடி எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. சொல்வது வரலாற்றுத் துறை என்பதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

பாடத்தின் பெயர் 'மலையகத் தமிழர் சமூக வரலாறு'. மூன்று வருடம் கால் தேய நடந்து, கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடி அவள் வாங்கிய பாடம் அது. துறையிலே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், பிறந்த ஒரே விரிவுரையாளர் அவள்தான். அப்பா பொன்னையா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அம்மா கொழுந்து பறித்தவள். அந்தப் பெருமையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே. பாடுபட்டுச் சேர்த்த பெருமையைப் பெட்டியில் பூட்டியா வைப்பார்கள்?

பிள்ளைகள் பாடம் தெரிவு செய்யும் நாள் வந்தது. ஒவ்வொரு விரிவுரையாளரும் மண்டபத்தில் தன் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் பேசி முடிந்ததும் கைகளை எண்ணுவார்கள். ஊர்மிளாவுக்குக் கடைசி இடம். துறைத் தலைவர் குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் ரயிலேறவில்லை.

"பிள்ளை, பாடத்திட்டம் நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனா பெடியள் எடுப்பினமோ எண்டதுதான் எனக்கு யோசனை" என்றார்.

அவளுக்கும் அதே யோசனைதான். 'தொல்லியலும் சுற்றுலாவும்' நடத்தும் லக்ஸ்மன், நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலின் படத்தைத் திரையில் காட்டி, "இங்க வழிகாட்டி வேலை இருக்கு" என்று ஒரே வார்த்தையில் பாதி மண்டபத்தை அள்ளிவிட்டார். அடுத்து வந்தவர் நவீன ஐரோப்பாவை விற்றார். அதுவும் ஓரளவு போனது.

ஊர்மிளா எழுந்தாள். கோப்பித் தோட்டங்கள், கடல் கடந்து வந்த சனம், குடியுரிமை பறிபோனது என்று ஆயத்தம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பின்வரிசையில் போன் வெளிச்சம் தெரிந்தது. முன்வரிசையிலிருந்து பிரியந்தி கை தூக்கினாள். போன வருடம் துறையிலேயே அதிக மார்க் எடுத்தவள். வாயைத் திறந்தால் நறுக்கென்றுதான் பேசுவாள்.

"மிஸ், லயத்தை விட்டு வெளிய வரணும்னுதானே எங்க அம்மா என்னைய படிக்க வச்சாங்க. இங்க வந்தும் லயத்தையே படிக்கணுமா?"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஊர்மிளாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. பிரியந்தியிடம் கோபப்பட நியாயமில்லை, அவள் கேட்டது நேர்மையான கேள்வி. அதனால் கை தட்டியவனைப் பிடித்தாள்.

"கிஷாந்த், நீங்க எந்த ஊரு?"

"ஹட்டன், மிஸ்."

"ஹட்டன்ல எங்க?"

"டவுன்தான்."

அந்தக் கல்லூரியில் யாரைக் கேட்டாலும் டவுன்தான். இத்தனை பேருக்கும் ஹட்டன் டவுனில் வீடிருந்தால் கடை வைக்க இடமே இருந்திருக்காது. மலையகத்து ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் கேட்பது 'எந்தத் தோட்டம்?' என்றுதான். பொண்ணு பார்க்கப் போனாலும் அதுதான், சண்டைக்குப் போனாலும் அதுதான். கல்லூரிப் படி ஏறியதும் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நா எழும்பவில்லை.

ஊர்மிளா கம்ப்யூட்டரை மூடினாள்.

"நான் வட்டவளைக்குக் கீழ. கம்பெனி போர்டுல கிளென்டார்வன்னு போட்டிருக்கும். வெள்ளக்காரன் ஒருத்தன் அவன் ஊருப் பேரைக் கொண்டாந்து ஒட்டிட்டுப் போயிட்டான். நாங்க அப்படியா சொல்றோம்? மொட்டைத்துரைத் தோட்டம்."

மண்டபம் சிரித்தது. போன் வெளிச்சங்கள் அணைந்தன.

"சிரிங்க. 'சலாங்க தொர'ன்னு அவன் முன்னாடி கையக் கட்டி நின்ன சனம்தான், அவன் முதுகுக்குப் பின்னாடி அவன் மொட்டையப் புடிச்சுத் தோட்டத்துக்கே பேரு வச்சுச்சு. தொர போயி எவ்வளவு காலமாச்சு. பஸ்காரன் இன்னைக்கும் மொட்டைத்துரைன்னு சொல்லித்தான் நிறுத்துறான். இப்பச் சொல்லுங்க கிஷாந்த், எந்தத் தோட்டம்?"

கிஷாந்த் பிடரியைச் சொறிந்தான். "நொண்டிக்குதிரை, மிஸ்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

"ஏன் அந்தப் பேரு?"

"தெரியாது, மிஸ்."

"எனக்கும் தெரியாது. நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. நொண்டினது குதிரையா, அதுமேல வந்த தொரையா, எந்தக் காலத்துல? நீங்க கண்டுபுடிச்சா அதுக்கப்புறம் உங்களப் பாத்துத்தான் நான் பாடம் எடுக்கணும். இந்தப் பாடம்னா அதுதான்."

"எங்களது ஊசிக்கல்லு, மிஸ்" என்றாள் கொத்மலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. "பனியடிச்சான்" என்றான் பட்டிப்பொலையிலிருந்து வரும் திலக்ஷன். பிறகு அங்கிருந்தும் இங்கிருந்தும் பெயர்கள் வந்தன. ஒரு வருடம் ஒன்றாகச் சோறு தின்றவர்கள், அடுத்தடுத்த தோட்டம் என்று அப்போதுதான் தெரிந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். ஊர்மிளாவுக்கு உள்ளே குளிர்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவரின் மகன் ஆரூரன், தயங்கித் தயங்கி எழுந்தான். "மிஸ், நான் தோட்டம் இல்லை. நான் எடுக்கலாமோ?"

"ஐரோப்பா வரலாறு எடுக்கிறவங்க எல்லாரும் ஐரோப்பாவுலயா பொறந்தாங்க? தாராளமா எடுங்க."

குணரத்தினம் மேடைக்கு வந்து, ஒவ்வொரு பாடமாகச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். சுற்றுலாவுக்கு நிறையக் கைகள் எழுந்தன, அது எதிர்பார்த்ததுதான். மலையக வரலாறு என்றதும் கிஷாந்தின் கைதான் முதலில் போனது. சார் விரலை நீட்டி எண்ணினார். "ஒன்பது, பத்து..." என்று வந்தவர், ஊர்மிளாவைத் திரும்பிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பதினொண்டு, பன்ரெண்டு" என்று குரலை உயர்த்தினார்.

பாடம் பிழைத்துவிட்டது. ஆனால் ஊர்மிளாவின் கண் முன்வரிசையில்தான் நின்றது. பிரியந்தி எந்தப் பாடத்துக்கும் கை தூக்கவில்லை.

"என்னம்மா, ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்றார் சார்.

பிரியந்தி எழுந்தாள். "லயத்தை விட்டு வெளிய வரணும்னுதான் இப்பவும் சொல்றேன், மிஸ். ஆனா ஒரு சந்தேகம். எங்க தோட்டம் கன்னிக்கல்லு. கங்காணி மக ஒருத்தி அந்தக் கல்லு மேலேருந்து குதிச்சுச் செத்தா, அதனாலதான் அந்தப் பேருன்னு எங்க பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒருத்தி குதிச்சிருக்கா. எங்க கதை பொய்யின்னு எனக்கு ரொம்ப நாளா தோணுது. பொய்யின்னு நிரூபிச்சாலும் மார்க் உண்டா?"

ஊர்மிளாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பன்னிரண்டு கைகளுக்குச் சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடம் அவள் சண்டை போட்டது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"அதுக்குத்தான் முழு மார்க்கும். பெரியப்பா கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோவிப்பாரு மிஸ். தீவாளிக்குக்கூட வீட்டுப் பக்கம் வர மாட்டாரு" என்ற பிரியந்தி கையைத் தூக்கினாள். "என்னையும் சேத்து எண்ணுங்க, சார்."