இருபத்திரண்டாம் பக்கத்தில் சுதேஷ்ணா நின்ற இடம்

வந்திருந்தவர்கள்:

நிருபம் பாக்சி. நாடகாசிரியர். முன்வரிசை, மடியில் கொப்பி, கையில் பேனை.
சுதேஷ்ணா பாக்சி. அவருடைய மனைவி. நாடகத்திலும் மனைவி.
பிமல் சௌத்ரி. பல் வைத்தியர். நாடகத்தில் கணவன்.
மகேந்திரராஜா. நடிகர் மறந்தால் வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர். வங்காளம் தெரியாது.
விக்னராஜா. மகேந்திரராஜாவின் அறை நண்பன். மீன் கட்லட்டுக்காக வந்தவன்.
மெல்பேர்ன் வங்காளிகளும் விருந்தினருமாக இன்னும் முப்பத்தொரு பேர்.

1

தீப்பிடித்தால் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று தெரியவேண்டுமாம். மண்டபத்துக்காரர்கள் பெயர் கேட்டார்கள். 1976 ஓகஸ்ட், ஒரு ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, கிளேட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தின் வாசலில் நின்று நானே எழுதிய பட்டியல் இது. பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் விளக்கங்களை மட்டும் இப்போது சேர்த்தேன். தீப்பிடிக்கவில்லை. ஆனால் இந்தக் கதை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

பட்டியலில் நாலாவது ஆள் நான். முதலில் இதை 'நான்' என்றுதான் எழுதினேன். பதினொரு பக்கம். படித்துப் பார்த்தால் அந்த 'நான்' மிக நல்லவனாக இருந்தான். எல்லாம் விளங்கியவன், எல்லோருக்கும் இரங்குபவன். அப்படி ஒருவனை எனக்குப் பழக்கமில்லை. கிழித்துப் போட்டுவிட்டு 'மகேந்திரராஜா' என்று தொடங்கினேன். ஆள் கொஞ்சம் சரியாகிவிட்டான்.

தொடக்கங்கள்:

அன்று காலை மெல்பேர்னில் மழை

(விட்டுவிட்டேன். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே ஒரு மெல்லிய

(இதையும்.)

மகேந்திரராஜா டாண்டினோங்கில் இரவு வேலை முடித்து, கையில் கிரீஸ் மணக்க ரயில் ஏறினான்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

அவன் கார் இருக்கைகளுக்கு ஸ்பிரிங் கொளுவுகிறவன். யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் படிக்க வந்து, இரண்டாம் வருடத்தோடு விட்டவன். அவனுக்குக் கணிதம் படிப்பித்து, இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர் நிருபம் பாக்சி. இரண்டு தடவையும் நியாயமாகத்தான். கிளேட்டன் ஸ்டேஷனில் ஒருநாள் அவனைக் கண்டார்.

"நீ இன்னும் இஞ்சதான் இருக்கிறியா?"

"ஓம் சேர். இரவு வேலை."

"அப்ப பகலில சும்மாதானே. வா."

(அவர் பேசியது ஆங்கிலம். சுதேஷ்ணா பேசப்போவதும் ஆங்கிலம்தான். இந்தக் கதையில் இருவரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள். வேறு தமிழில் ஆட்களைப் பேசவைக்க எனக்கு வராது.)

கதை என்றால் என்ன என்று அவர் முதல் நாளே விளக்கினார். "எத்தினை மணிக்குப் போனாய், ஆரைச் சந்திச்சாய், பிறகு என்ன நடந்தது? இது பொலிஸ்காரன் கேக்கிற கேள்வி. கல்கத்தாவில எங்களிட்ட அஞ்சு வருசமா இதைத்தான் கேட்டவங்கள். அதால என்ர நாடகத்தில கதை இல்லை."

மகேந்திரராஜாவுக்கு மயிர் சிலிர்த்தது. அவர் சொல்லச் சொல்ல அவன் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து வாயிலேயே வைத்திருந்தான். கல்கத்தாவில் இப்போது திரை இல்லை, மேடை இல்லை. கூட்டத்தின் நடுவில் நின்று நடிக்கிறார்கள். பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. நடிகன் பாதியில் நிறுத்தி, 'இந்த வசனம் எனக்குப் பிடிக்கவில்லை' என்பான். எழுதியவனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி விசாரிப்பார்கள். எந்த நாடகாசிரியரும் முடிவு எழுதித் தருவதில்லை. முடிவு எழுதுகிறவனைக் கோழை என்கிறார்கள்.

(பின்நவீனத்துவம் என்ற சொல் எங்களிடம் பிறகுதான் வந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதியவர்களுக்கு, அது மீன் கட்லட் மணக்கும் ஒரு மண்டபத்தில் எப்படி இருந்தது என்று தெரியாது. அது சும்மா இருக்கவிடாது. நெஞ்சு அடிக்கும்.)

மெல்பேர்னில் அவருடைய நாடகக் குழுவில் பதினொரு பேர். நாலு பேர் நாடகாசிரியர்கள், மற்ற ஏழு பேரும் இயக்குநர்கள். ஒரு மூலையில் குந்தியிருந்து அடுத்தவனுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு வங்காளியும் தயாராக இல்லை. அந்த வேலை மகேந்திரராஜாவுக்கு வந்தது. சுதேஷ்ணா வாசிக்க, அவன் முழு நாடகத்தையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டான். இருபத்திரண்டு பக்கம். அர்த்தம் கேட்க நிருபம் விடவில்லை. "அர்த்தம் தெரிஞ்சால் நீயும் நடிக்கத் தொடங்கிவிடுவாய்."

ஸ்பிரிங்வேல் அறையில் விக்னராஜா கட்டிலில் புரண்டு சிரித்தான். "வங்காளத்தில உனக்கு ரசகுல்லாவைத் தவிர என்னடா தெரியும்?"

"அதுவும் தின்னத்தான் தெரியும்."

"கம்பஸில இங்கிலிஷில சொல்லித் தந்ததே உனக்கு ஏறேல்லை."

"இது ஏறுது மச்சான்," என்றான் மகேந்திரராஜா.

3

உண்மையாகவே ஏறியது. நாலு வாரத்தில் இருபத்திரண்டு பக்கமும் பாடம். ஸ்பிரிங் கொளுவும்போது வாய் வங்காளம் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கிரேக்கன் அதை ஜெபம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினான்.

அர்த்தம் தெரியாதவனுக்கே காது கூர்மை

(அடித்துவிட்டேன். நாட்காட்டியில் போடுவது மாதிரி இருக்கிறது.)

நடந்ததைச் சொல்கிறேன். வசனம் தெரிந்துகொண்டே சுதேஷ்ணா இடைவெளி விட்டால், முதலில் மூச்சை உள்ளே இழுப்பாள். மறந்து நின்றால் மூச்சே இருக்காது. இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு காணாமல் போன அதே கணத்தில் மகேந்திரராஜா மூலையிலிருந்து இரண்டு சொல்லைப் போடுவான். அவள் திரும்பிப் பாராமல் அதைப் பிடித்துக்கொண்டு போவாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. படிப்பில், வேலையில், எதிலும் அவன் அப்படிச் சரியான நேரத்தில் இருந்ததில்லை.

4

கடைசி ஒத்திகை நாள், மண்டபத்துக் குசினியில், சுதேஷ்ணா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு நாடகம் பிடிச்சிருக்கா?"

"விசர் பிடிச்ச மாதிரி, தீதி." (தீதி என்றால் அக்கா. குழுவில் எல்லோரும் அவளை அப்படித்தான் அழைத்தார்கள்.)

"பதினாலாம் பக்கம் என்ன தெரியுமா? எங்கட வீட்டில ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு அவரோட சண்டை பிடிக்கிறன். அவர் குனிஞ்சு எழுதிக்கொண்டிருக்கிறார். சோதினைப் பேப்பர் திருத்துறார் எண்டு நினைச்சன்."

"பதினாறு?"

"அதுவும் நான். ஒன்பது, பதினொண்டு, எல்லாம் நான். முற்றுப்புள்ளி மட்டும் அவருடையது."

"பிறகேன் நடிக்கிறீங்கள்?"

"நல்லா இருக்கு, அதால. கல்கத்தாவில எனக்கு இப்பிடி ஒரு வேசம் கிடைக்கேல்லை. அவருக்கு அது தெரியும்."

கண்டுபிடித்த நாளிலிருந்து அவள் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஐந்து வாரம். உப்புப் போத்தலைக்கூட விரலால்தான் காட்டுகிறாள். அதனால் நிருபம் பாக்சிக்கு இருபத்துமூன்றாம் பக்கம் இல்லை. மனைவி நடுவில் நின்று பேச வாயெடுக்கிறாள், நாடகம் அங்கேயே நிற்கிறது. தற்காலிகமாக அவர் ஒரு வசனம் போட்டிருந்தார்: 'விளக்கை அணைக்கட்டுமா?' ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில் சுதேஷ்ணாவின் மூச்சு காணாமல் போனது. ஒவ்வொரு தடவையும் மகேந்திரராஜா எடுத்துக் கொடுத்தான்.

"அந்த இடத்தில எனக்கு வேற ஒண்டு வந்து நிக்குது," என்றாள். "உண்மையானது. அதை அவரிட்டச் சொல்லத்தான் வேணும். ஆனா நாடகத்துக்குக் குடுக்கமாட்டன். நாடகத்தண்டைக்கு நான் நிண்டால் உடனே எடுத்துக் குடு, மகேன். ஒரு செக்கன்கூடப் பிந்தாத."

"பிந்தமாட்டன்."

5

நாடகத்தன்று அவன் வாசலில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது நிருபம் வந்து காதோடு சொன்னார்.

"கடைசிப் பக்கத்தில அவள் நிண்டால் எடுத்துக் குடுக்காத."

"மறந்து நிண்டால், சேர்?"

"மறக்கட்டும். அந்த விளக்கு வசனம் குப்பை. அவள் வாயில என்ன வருதோ அதுதான் முடிவு. டிசம்பரில கல்கத்தாவுக்குக் கொண்டு போறன்."

"அது அவவின்ர சொந்த விசயமெல்லோ?"

"வேற ஆற்ற விசயத்தை எழுதச் சொல்லுறாய்? வாழ்க்கை உடைச்சுக்கொண்டு உள்ளுக்கு வரவேணும். இல்லாட்டி நாங்கள் பொம்மை விளையாடுறம்."

(இந்த மனிதரை வில்லனாக்க மூன்று வரைவுகளில் முயன்றேன். முடியவில்லை. அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது.)

6

நடுவில் ஒரு மேசை, இரண்டு கதிரை. சுற்றிவர சனம். பிமல் சௌத்ரிக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் நடித்தார். சுதேஷ்ணா வேறு ஆளாக இருந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் சிரித்தார்கள். பதினாலாம் பக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். விக்னராஜா கட்லட்டை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தான். மூலையில் மகேந்திரராஜா ஓர் இரவு முழுக்கத் தூங்காதவன். தூக்கம் என்ற ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

இருபத்திரண்டாம் பக்கம். சுதேஷ்ணா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நின்றாள். மூச்சு இல்லை. முன்வரிசையில் பேனையின் மூடி கழன்றது.

7

இங்கே கதையை நிறுத்துகிறேன். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: உடனே எடுத்துக் கொடுத்தான். அவள் விளக்கு வசனத்தைச் சொன்னாள். கைதட்டல். தேத்தண்ணி. இருவரும் வீட்டுக்குப் போய் இன்னும் ஐந்து வாரம் பேசவில்லை. இதை நான் நம்புகிறேன், ஆனால் எழுதக் கை வரவில்லை.

இரண்டு: எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் சொன்னாள். நாடகம் மகத்தானதாகியது. கல்கத்தாவில் கூட்டம் எழுந்து நின்றது. சுதேஷ்ணா அங்கே

இல்லை. இதை முடிக்கமாட்டேன்.

நடந்தது இதுதான். மகேந்திரராஜா எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பத்தொரு பேரும் அசையவில்லை. நாடகம் என்றால் இதுதான், இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன் என்று அவனுக்குப் பட்டது. வாக்குக் கொடுத்தது நினைவிருந்தது. ஆனால் அவளுடைய வசனத்தைக் கேட்க நிருபம் பாக்சியைவிட அவனுக்கு ஆசை. 'நான்' என்று எழுதிய பதினொரு பக்கங்களில் நான் ஒளித்து வைத்தது இதைத்தான். நாலு. ஐந்து. ஆறு. சுதேஷ்ணாவின் உதடு பிரிந்தது. மகேந்திரராஜா விளக்கு வசனத்தைப் போட்டான். பிந்திவிட்டான், பதற்றத்தில் சத்தமாகவும் போட்டுவிட்டான். மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

அவள் முதன்முறையாக மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. வசனத்தை அவள் எடுக்கவில்லை. வங்காளத்தில் இரண்டே சொல் சொன்னாள். அர்த்தம் பிறகு பிமல் சொல்லித்தான் தெரிந்தது: இங்கே சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு, கதிரைகளின் நடுவால் நடந்து குசினிக்குள் போனாள்.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. நிருபம் பாக்சி எழுதினார்.

8

நிருபம் குசினி வாசலுக்கு வந்தபோது மகேந்திரராஜா அங்கே நின்றான், மன்னிப்புக் கேட்க வந்தவன். சுதேஷ்ணா உள்ளே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிந்திப் போட்டாய்," என்றாள் அவனிடம்.

"ஓம், தீதி."

"வேணுமெண்டுதானா?"

"ஓம்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அற்புதம்," என்றார் நிருபம். முகம் சிவந்திருந்தது. "ஆனா நீ சொல்ல வந்தது அது இல்லை."

"இல்லை."

"சொல்லு. எழுதமாட்டன்."

"பேனை திறந்திருக்கு."

அவர் பேனையைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவை. அவற்றையும் எழுத அவர் கை ஓர் அங்குலம் அசைந்ததை மகேந்திரராஜா கண்டான், அவரும் கண்டார். பேனையை மூடினார்.

"கொப்பியை அவனிட்டக் குடுத்திட்டு வாங்கோ. வெறுங்கையோட வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி நான் இப்பிடியே ஸ்டேஷனுக்குப் போறன்."

"ஞாபகம் வைச்சு எழுதினால் என்ன செய்வாய்?"

"செய்து பாருங்கோ."

நிருபம் பாக்சி கொப்பியை மூடினார். இருபத்திரண்டு பக்கம் நிரம்பி, இருபத்துமூன்றில் இரண்டு சொல் மட்டும் இருந்த கொப்பியை மகேந்திரராஜாவின் கையில் வைத்தார். பேனையையும் வைத்தார். பிறகு, கேட்காமலே, சட்டைப் பையில் இருந்த இன்னொரு பென்சிலையும் எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் வெளியே வர எவ்வளவு நேரமானது, வந்தபோது முகங்கள் எப்படி இருந்தன என்று எழுதலாம். அதிலிருந்து நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தேவையென்றால் நிருபத்துக்கு வசனம் எழுதுங்கள், பிமலுக்கு எழுதுங்கள், வாசலில் நிற்பவனுக்கு எழுதுங்கள். சுதேஷ்ணாவுக்கு எழுதவேண்டாம். அவளுக்கு ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று.

நிருபம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் வழிவிட்டாள். அவர் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து பூட்டு விழுந்தது.