பின்சுவரில் இரண்டு பெட்டிகள்

சீர்வரிசையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் முத்துக்கருப்பனுக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. விளாங்குடியில் தங்கை சீனியம்மாள் கட்டிய புதுவீட்டின் பால்காய்ச்சுக்கு, பிறந்த வீட்டுச் சீராக ஹோம் தியேட்டர் கொண்டுவந்திருந்தார். தெருமுனையிலிருந்து மேளத்தோடு வந்த சீர். ஐந்து ஸ்பீக்கர்களையும் டிவிக்குக் கீழே மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். இருப்பதிலேயே பெரியதான பேஸ் பெட்டியை நடுவில் உயர்த்தி வைத்தார். எல்லா ஒயரும் வந்து சேரும் ரிசீவர்தான் அதற்கெல்லாம் தலை என்று கேள்விப்பட்டிருந்ததால், அதற்குப் பட்டுத்துண்டு போர்த்தி மாலையும் போட்டார். கடையிலிருந்து ஆள் மதியம்தான் வரும் என்றார்கள். அதுவரை பொறுக்காமல், பந்தலுக்கு லைட் போட வந்தவரை வைத்து ஒயர் மாட்டிக் காலையிலேயே ஓட்டவிட்டார்.

டிவி, சீனியம்மாளின் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன் ஆண்டிச்சாமி, அவர்கள் பழைய வீட்டில் இருந்தபோதே வாங்கிக் கொடுத்தது. படம் நன்றாகத் தெரிகிறது, பேச்சுதான் விளங்கவில்லை என்று தங்கை போனில் சொன்ன அன்றைக்கே என்ன சீர் என்பதை முத்துக்கருப்பன் முடிவு செய்துவிட்டார்.

இருபது நிமிடம் கூடம் அதிர்ந்தது. பேச்சு அப்போதும் விளங்கவில்லை. பிறகு ரிசீவர் தானாக அணைந்துபோனது. கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள்.

சோபாவின் நடுவில் சாய்ந்திருந்த ஆண்டிச்சாமி கேட்டார். “என்ன மச்சான், ஒங்க சீரு மயக்கம் போட்டுருச்சு? சோடா கீடா குடுப்பமா?”

சிரிப்பு அடங்க நேரமானது.

“பேசாம வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருங்க. தம்பி வீட்டுக்கு நானே வேற வாங்கி வச்சுர்றேன்.”

கொண்டுபோன சீர் திரும்பி வந்த பேச்சு முத்துக்கருப்பன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இல்லை. அவர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கே.கே. நகர் கடையிலிருந்து இன்பசேகரன் வந்தபோது மணி இரண்டு. வந்ததும் முதல் வேலையாகத் துண்டையும் மாலையையும் எடுத்தார்.

“கை வச்சுப் பாருங்கய்யா, எம்புட்டுச் சூடு! இதுக்கு மேல ஒரு சாண் வெறுமனே கெடக்கணும். இல்லாட்டி அதுவே நின்டுக்கிரும்.” ஓரத்தில் இருந்த நீளமான பெட்டியைத் தட்டினார். “ஆளு பேசுறது இதுலதான் வரும். இதப் போயி ஓரங்கட்டிட்டீங்களே. பேஸு தரையில மூலையில கெடந்தாப் போதும்.”

முத்துக்கருப்பன் தலையசைத்தார். அதுவரை சரி.

“இந்த ரெண்டு சின்னப் பெட்டியும் பின்சுவத்துக்கு.”

பின்சுவர் என்றால் டிவிக்கு எதிரே, வாசல் பக்கம். அதன் அடியில் செருப்பு ஸ்டாண்டு.

“எங்க வீட்டுச் சீரு செருப்புக்கு மேல தொங்கணுமா?”

“பின்னாடி இருந்து கேக்கன்னே செஞ்சதுய்யா அது. எல்லாத்தையும் முன்னாடி அடுக்குனா மழைச் சத்தம், வண்டிச் சத்தம் அம்புட்டும் பேச்சு மேலதான் விழும்.”

“முடியாது.”

இன்பசேகரன் அடுத்த வேலைக்குப் போனார். சின்ன மைக் ஒன்றை முக்காலி ஸ்டாண்டில் மாட்டினார். “யாரு உக்காந்து பாப்பாங்க? அவங்க காது உசரத்துக்கு இத வைக்கணும். அந்த எடத்துக்குத் தகுந்த மாதிரி மிசினே சத்தத்த அளந்து வச்சுக்கிரும்.”

“இங்கிட்டு வையி,” என்றார் ஆண்டிச்சாமி. “நாந்தானே வீட்டுக்கு மூத்தவன்.”

இன்பசேகரன் முக்காலியோடு சோபாவை நோக்கிப் போனார்.

“பொறுப்பா,” என்றார் முத்துக்கருப்பன். காப்பித் தட்டோடு நின்ற தங்கையிடம் திரும்பினார். “சீனி, நீ எங்கன உக்காந்து பாப்ப?”

அவள் அடுப்படிக் கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். “இந்தா, இங்கனதாண்ணே. அடுப்பையும் பாக்கணும்ல.”

“அங்க இருந்து என்ன கேக்கும்?”

“கேக்காது. பழைய வீட்லயும் இப்பிடித்தான். அதத்தானே போன்ல சொன்னேன்.”

டிவி எவ்வளவு பெரியது, யார் கொடுத்தது என்றெல்லாம் அன்று விசாரித்தவர், அவள் எங்கே உட்கார்ந்து பார்க்கிறாள் என்பதை மட்டும் கேட்கவில்லை. முத்துக்கருப்பன் போய் அந்த நாற்காலியைத் தூக்கிவந்தார்.

“மாப்ள, செத்த எந்திரிங்க. சோபாவ ஒதுக்கணும்.”

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆண்டிச்சாமி எழுந்தார். நாற்காலி நடுவுக்கு வந்தது.

“அம்மா இங்க உக்காந்தா அந்த ரெண்டும் பின்னாடி போயே ஆகணும்யா,” என்றார் இன்பசேகரன், தயங்கியபடி.

முத்துக்கருப்பன் வாசலுக்குப் போனார். யாரையும் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, செருப்பு ஸ்டாண்டைத் தானே வெளியே இழுத்துப் போட்டார்.

“அடிப்பா ஆணிய.”

பெட்டிகள் இடம் மாறியதும், நாற்காலிக்கு மேல் மைக் நின்றது. மூன்று நிமிடம் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது என்றார் இன்பசேகரன். ஒவ்வொரு பெட்டியாக விசில் போல ஒரு சத்தம் கிளம்பி ஓய்ந்தது. நடுவில் ஆண்டிச்சாமி தொண்டையைச் செருமப் போனார். முத்துக்கருப்பன் ஒரு விரலை உயர்த்தினார்.

பிறகு படம் ஓடியது. முதுகுக்குப் பின்னால் மழை பெய்தது. முன்னால் ஒருத்தி ரகசியம் சொன்னாள்.

“அண்ணே, முணுமுணுக்கிறதுகூட வெளங்குதுண்ணே!” என்றாள் சீனியம்மாள். காப்பித் தட்டு மடியிலேயே இருந்தது.

சுவரோரம் நின்ற ஆண்டிச்சாமி உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியலையே மச்சான்.”

“ஒங்களுக்கு அளக்கலையே மாப்ள,” என்றுவிட்டு, முத்துக்கருப்பன் தன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.