சோலைராஜ் கேஸ்

ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பிசியோதெரபி கல்லூரியில், பரீட்சையில் சோலைராஜ் கிடைத்தால் யோகம் என்று பேச்சு. நாலாம் வருடச் செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு நோயாளியை ஒதுக்குவார்கள். அரை மணி நேரத்தில் அவரைச் சோதித்து, கேஸ் ஷீட்டை நிரப்பி, வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் முன்னால் ஒப்பிக்க வேண்டும். பக்கவாதக்காரர் யாராவது வந்து வாய்த்தால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். சோலைராஜ் வாய்த்தால் போன உயிரும் திரும்பி வந்துவிடும்.

அவர் கூமாப்பட்டியில் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் இடுப்பில் டிஸ்க் என்கிற எலும்பு நடுத் தட்டு பிதுங்கி, இடது கால் மரத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்ட ஆளை இந்தக் கல்லூரிப் பிள்ளைகள்தான் மூன்று மாதத்தில் நடக்கவைத்தார்கள். அந்த நன்றி அவருக்கு இன்னும் தீரவில்லை. பரீட்சை என்று சொல்லிவிட்டால் போதும், சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். வந்தவர் சும்மா படுத்திருக்கவும் மாட்டார். தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாலு விரலைக் காட்டுவார், பிறகு ஐந்து விரலைக் காட்டுவார். நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இடது காலை நீட்டித் தூக்கினால் சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் ‘அம்மா’ என்பார். அவருடைய கேஸ் ஷீட் சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு ஜெராக்ஸாக இறங்கிக்கொண்டே இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் புத்தகத்தைப் படிக்கிறார்களோ இல்லையோ, சோலைராஜைப் படித்துவிடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் மூன்று பேர் அவரைப் பார்த்து முடித்த பிறகு, நாலாவது ஆளாக அக்சாவுக்கு அவர் கிடைத்தார். அவளுக்கு இது இரண்டாவது தடவை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மூட்டுவலிக்காரம்மாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்து, சிகிச்சையை எழுதத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. ஃபெயில். அவளோடு படித்தவர்களெல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிகளில் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு பயிற்சி இடத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றாம் தேதி வரைக்கும்தான் என்று கறாராகச் சொல்லியும் விட்டார்கள். இன்றைக்கு விட்டால் அதுவும் போய், இன்னும் ஒரு ஆறு மாதம்.

“ஏட்டி, நீ யோசிச்சே நாசமாப் போற. யோசிக்காத. நிரப்பு,” என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார் மகாலட்சுமி மேடம். கல்லூரியின் தரப்பில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் அவர்தான்.

அக்சாவும் சொன்னபடியே கேட்டாள். வராந்தாவில் காத்திருக்கும்போதே ஜெராக்ஸைப் பார்த்துப் பாதி ஷீட்டை நிரப்பிவிட்டாள். வயது, தொழில், வலி தொடங்கிய விதம். அதற்குக் கீழே, சிறுநீர், மலம் என்ற இடத்தில் ‘இயல்பு’. அந்த வரியை ஐந்து வருடமாக யாரும் சோலைராஜிடம் கேட்டதில்லை. அப்பா வயசு மனிதரிடம் ஒரு வயசுப் பிள்ளை போய் ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று எப்படிக் கேட்கும்? பையன்களுக்கும் கூச்சம்தான். ஆகவே எல்லோரும் மரியாதையாக ‘இயல்பு’ என்று எழுதி, மரியாதையாகப் பாஸாகிப் போனார்கள்.

திரையை விலக்கி உள்ளே போனபோது சோலைராஜுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“வா தாயி. சட்டுபுட்டுனு முடிச்சிருவோம்,” என்றார்.

அவள் இடது காலை நீட்டியபடி மெதுவாகத் தூக்கினாள். இருபது டிகிரிகூட வந்திருக்காது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தார். அவள் கை நின்றது.

“நாப்பத்தஞ்சுனு போட்டுக்கோ,” என்றார் அவர் அவசரமாக.

ஒன்றும் தவறாக இல்லாத வலது காலையும் தூக்கிப் பார்த்தாள். அதிலும் அதே பல்கடி. சின்னச் சுத்தியலால் குதிகால் தசைநாரில் தட்டினாள். வலது பாதம் நன்றாகத் துள்ளும் என்று ஜெராக்ஸில் இருந்தது. துள்ளவில்லை. இரண்டாவது தடவை தட்டினாள். பாதம் அப்படியே கிடந்தது.

சுவரில் கடிகாரம் இருந்தது. இன்னும் இருபத்திரண்டு நிமிடம். நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ என்று உள்ளே ஒரு குரல் அதட்டியது. அது மகாலட்சுமி மேடத்தின் குரல் மாதிரியே இருந்தது.

அவள் பஞ்சை எடுத்தாள். “கண்ண மூடிக்கோங்க அண்ணாச்சி. பஞ்சு படுறது தெரிஞ்சா சொல்லுங்க.”

கெண்டைக்காலில் வைத்தாள். “தெரியுது,” என்றார். முழங்காலில் வைத்தாள். “தெரியுது.” கையை எடுத்துவிட்டு, எதையும் தொடாமல், “இப்ப?” என்றாள்.

“தெரியுது,” என்றார் சோலைராஜ்.

அந்த மனிதர் உடம்பைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை, ஜெராக்ஸை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேட்டியைச் சற்றே ஒதுக்கி, தொடையின் உள்பக்கம் பஞ்சை வைத்து அழுத்தியே தேய்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செத்த நேரம் கழித்து, “தொட்டியா தாயி?” என்று கேட்டார்.

அவள் குனிந்து, காதோரம் கேட்பது போல, ஐந்து வருடமாக யாரும் கேட்காததைக் கேட்டாள். “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணுக்குப் போறீங்களா ஒழுங்கா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதெல்லாம் உனக்கு எதுக்கு? நார்மல்னு எழுதுவாங்கள்ல, அப்படியே எழுது.”

“அண்ணாச்சி.”

“நேத்து சாயங்காலம் பிளவக்கல் பக்கம் ஒரு தோப்புல லோடு. மூட்டையத் தூக்குனேன் பாத்துக்கோ, முதுகுல சடக்குன்னுச்சு. அதுல இருந்து வரல. முட்டிக்கிட்டு நிக்கு, ஒரு சொட்டு இறங்கல. பஸ்ஸுல உக்காரக்கூட முடியாம நின்னுக்கிட்டேதான் வந்தேன்.”

“காலைல மூணு பேரு பாத்தாங்களே. அவங்ககிட்ட சொல்லலையா?”

“யாரும் கேக்கலையே,” என்றார். பிறகு, குழந்தைக்கு விளக்குவது மாதிரி, “புது நோவ நான் சொல்லிட்டா நீங்க படிச்சிட்டு வந்தது அம்புட்டும் தப்பாயிரும்லா? பரீட்சை முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்தேன்.”

முதுகெலும்பின் அடியில் நரம்புகள் ஒரு கொத்தாக இறங்குகின்றன. பிதுங்கிய தட்டு அந்தக் கொத்தை நசுக்கிவிட்டால் முதலில் சிறுநீர் நிற்கும், உட்காரும் இடம் மரக்கும், அதற்கப்புறம் கால்கள். உடனே கத்தி வைத்தால் தப்பலாம், தள்ளிப்போட்டால் போனது போனதுதான். இதை அவள் இரண்டு பரீட்சைக்குப் படித்திருந்தாள். நேற்று சாயங்காலம் என்றால் இதற்குள் ஒரு ராத்திரி முழுசாகப் போய்விட்டது. மதுரைக்குப் போக வேண்டும், அதற்கு இரண்டு மணி நேரம்.

அவள் எழுந்து திரைக்கு வெளியே வந்தாள்.

“மணி அடிக்கலையே, எதுக்கு எந்திரிச்ச?” என்றார் மகாலட்சுமி மேடம்.

“மேடம், இது பழைய கேஸ் இல்ல. அவருக்கு நேத்துல இருந்து யூரின் போகல. ரெண்டு காலையும் தூக்க முடியல. உடனே ஆபரேஷனுக்கு அனுப்பணும்.”

மேடம் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சு வருஷமா வாராரு. காலைல மூணு பேரு பாத்து, மார்க்கும் போட்டாச்சு. உனக்கு மட்டும் புதுசாத் தெரியுதாக்கும்? போய் ஷீட்ட முடி. இந்தத் தடவையும் கோட்டை விட்டுறாத.”

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அக்சா பாஸாக வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர். அதனால்தான் எதிர்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஐயாதுரை சார் பேனாவை மூடினார். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அதிகம் பேசாத மனிதர். எழுந்து வந்து கட்டில் பக்கத்தில் நின்று, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். “என்னங்க, யூரின் போகுதா இல்லையா?”

“நல்லாப் போகுதுங்க சார். காலைல பஸ் ஏறும்போதுகூடப் போயிட்டுத்தான் ஏறுனேன்,” என்றார் சோலைராஜ். சொல்லிவிட்டு அக்சாவைப் பார்த்துக் கண்ணால் ஒரு சைகை வேறு. காப்பாற்றிவிட்டேன், பயப்படாதே என்கிற சைகை.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஐயாதுரை சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் பதினாலு நிமிடம் இருந்தது. ‘தப்பாகக் கேட்டுவிட்டேன் சார்’ என்று சொல்லி உட்கார்ந்தால், மிச்சத்தை நிரப்பிவிடலாம். சோலைராஜும் வாயைத் திறக்கமாட்டார். சாயங்காலம் கல்லூரியில் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு கூமாப்பட்டி பஸ்ஸைப் பிடிப்பார். நாளைக்கு யாராவது அவரைத் தூக்கித்தான் கட்டிலிலிருந்து இறக்க வேண்டும். ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அவள் உட்கார்ந்துவிடலாமா என்றுதான் நினைத்தாள். பின்னாளில் அந்த ஒரு நிமிடத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சார், அவர் அடிவயித்துல கை வச்சுப் பாருங்க.”

“அக்சா! சாருக்கே நீ சொல்லித் தாரியா?” என்றார் மேடம்.

அவள் மேடத்தைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் குரல் உயர்ந்துவிட்டது.

“அண்ணாச்சி, நான் ஃபெயிலானா ஆறு மாசத்துல திருப்பி எழுதிக்கிடுவேன். உங்க காலு போச்சுன்னா எந்த மாசத்துல திருப்பி வாங்குவீங்க? எனக்காகப் பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி. உங்க கால எடுத்துக்கிட்டுப் பாஸாகி நான் என்ன செய்ய?”

சோலைராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோடு ஏற்றும் அந்தப் பெரிய நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

“முடியல சார்,” என்றார். “ராத்திரி முழுக்கத் தூங்கல. கீழ எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

ஐயாதுரை சார் அவருடைய தொப்புளுக்குக் கீழே கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. முகம் மாறிவிட்டது. “மேடம், 108-க்குப் போடுங்க. இப்பவே,” என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. மதுரையில் தனக்குத் தெரிந்த அறுவை மருத்துவரைப் பிடித்தார் ஐயாதுரை. எப்போதிலிருந்து, எந்தெந்த இடம் மரத்திருக்கிறது, எந்தப் பாதம் துள்ளவில்லை என்று அந்தப் பக்கம் கேள்வி மேல் கேள்வி வந்ததும், போனை அக்சாவின் கையில் கொடுத்துவிட்டார். அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாருக்கும் பதில் தெரியாது. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. காலையில் மூன்று பேர் எழுதிய ஷீட்டுகளும் மேசையில் கிடந்தன. மூன்றும் அழகாக நிரம்பியிருந்தன. மூன்றிலும் ‘இயல்பு’. அவளுடையதில் அந்த வார்த்தை அடிக்கப்பட்டு, பக்கத்தில் கோணல் மாணலாக ‘நேற்று சாயங்காலத்திலிருந்து போகவில்லை’ என்று எழுதியிருந்தது. சிகிச்சைப் பகுதி வெறுமையாக இருந்தது.

ஐயாதுரை சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஷீட்ல இருக்கறதுக்குத்தாம்மா மார்க் போட முடியும். வேற கேஸ் தரலாமானு யுனிவர்சிட்டியக் கேக்கணும். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றார்.

“சரி சார்,” என்றாள் அவள். பொய்யாகச் சொல்வானேன், அவளுக்கு வலித்தது. ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை மகாலட்சுமி மேடமே பிடித்துக்கொண்டு வந்தார். “நாந்தானே நிரப்பு நிரப்புன்னு சொன்னேன்,” என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆம்புலன்ஸ் வாசலில் சோலைராஜ் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விட மாட்டேன் என்கிறார். மூட்டை தூக்கிக் காய்த்த கை, இரண்டு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை.

“அந்தப் பிள்ளை பாஸா? அதச் சொல்லுங்க மொதல்ல. என்னால ஒரு பிள்ளை படிப்பு போச்சுன்னா நான் போயி என்ன, வந்து என்ன?”

“நேரம் போகுது அண்ணாச்சி, விடுங்க,” என்றாள் அக்சா.

“நீ பாஸா தாயி?”

டிரைவர் ஹாரன் அடித்தார். ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கால்களிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

“பாஸ் அண்ணாச்சி.”

“சத்தியமா?”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் பிள்ளை அவள். சின்ன வயதிலிருந்து விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்யாதவள்.

“சத்தியமா.”

“எம்புட்டு மார்க்கு?”

“எழுபத்தெட்டு,” என்றாள் அக்சா.

அவர் முகம் விரிந்தது. கம்பியை விட்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

அவள் திரும்பினாள். இரண்டடி பின்னால் ஐயாதுரை சார் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளேயிருந்து சோலைராஜ் தலையைத் தூக்கி, “அப்படித்தானங்க சார்?” என்று அவரிடமும் ஒரு தடவை கேட்டார்.

“ஆமாங்க,” என்றார் ஐயாதுரை. “கதவச் சாத்துங்கப்பா, கிளம்பட்டும்.”