போகாமல் திரும்பிய தோணி

முத்துக் குளிக்கும் சலாபத்தின் கடைசி நாள் அது. இன்று கடலுக்குப் போகாவிட்டால் சம்மாட்டி இப்ராஹீமின் தோணிக்கு அடுத்த சலாபம்வரை வேலையில்லை. அது எந்த வருஷம் வருமென்று சிப்பிக்கே தெரியாது.

முகாம் கொட்டகையில் ஒரு கரும்பலகை. எந்தத் தோணி போனது, எது திரும்பியது, கடலடியில் சிப்பி விளையும் பார்களில் இன்று எதில் குளிப்பது என்று கொடிக்காரர் முதல் போலீஸ்வரை எல்லோரும் பார்ப்பது அதைத்தான். தினமும் மணியடிக்குமுன் பியூன் மாசானம் அதை ஈரத்துணியால் துடைத்து, கட்டமெல்லாம் பூஜ்யம் போட்டு, பாரின் பெயரை மட்டும் உத்தரவு நோட்டைப் பார்த்து எழுதிவிடுவான். இப்படியொரு வேலை நடப்பதே யாருக்கும் தெரியாது.

புதிதாக வந்த சூப்பிரண்டு சிவனணைந்தபெருமாளுக்கு நேற்றுத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் திறக்குமுன் சர்க்கார் பலகையில் எவனும் கைவைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டு, நோட்டைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்.

இன்று மணி அடித்தது. கொடிக்காரர் ராமர் பலகையைப் பார்த்தார். நாற்பது தோணியும் போய்த் திரும்பியிருந்தன. தோணிகள் புறப்பட ஏற்றவிருந்த கொடியை மடித்து வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, கொடியக் காணோம்?" என்றார் இப்ராஹீம்.

"அதான் எல்லாரும் வந்துட்டியளே."

இப்ராஹீம் திரும்பிப் பார்த்தார். தோணி கட்டியபடியே கிடந்தது. குளியாட்களில் ஒருவனுக்கும் தலை நனையவில்லை. "நாங்க எப்பப் போனோம்?"

"எனக்கென்ன தெரியும். பலகையில இருக்கு."

சூப்பிரண்டு தொப்பியைக் கழற்றாமலே பலகையை வாசித்தார். "பதினேழாம் நம்பர், உம் தோணி, திரும்பியாச்சு. சிப்பி எங்கே?"

"போனாத்தானய்யா சிப்பி."

"போகாமல் எப்படித் திரும்பினீர்? சர்க்கார் பங்கை எங்கே ஒளித்தீர்?"

ஒரு நிமிஷம் இப்ராஹீமுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"அது நேத்து உள்ளதுய்யா. தொடைக்கணும்," என்றான் மாசானம்.

"திறந்த ஆபீஸில் துடைத்தால் பதிவை அழித்த குற்றம்."

"தொறக்கதுக்கு முந்தித் தொடைச்சா?"

"உத்தரவில்லை." சொல்லிவிட்டு அவரே தம் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெயில் ஏறியது. இப்ராஹீம் தோள்துண்டைக் கடல் தண்ணீரில் நனைத்துவந்து, பலகை முழுக்க ஒரே இழுப்பாக இழுத்தார். மாசானத்தின் கை பழக்கத்தில் பூஜ்யங்களைப் போட்டது. பூஜ்யத்தைக் கண்டதும் ராமர் கொடியை ஏற்றினார்.

"பாரு பேரு இல்லியே, சம்மாட்டி," என்றான் மாசானம்.

"கடல்லதானே இருக்கும்," என்று இப்ராஹீம் தோணிக் கயிற்றை அவிழ்த்தார். சூப்பிரண்டு பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கரை மறைந்ததும் இப்ராஹீம் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். நேற்றைய பாரில் சிப்பி தீர்ந்தாயிற்று. பின்னால் முப்பத்தொன்பது தோணிகள், அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் வந்துகொண்டிருந்தன. வேறு வழியின்றி ஓரிடத்தைக் கைகாட்டினார். குளியாள் ஹபீப் மூச்சடக்கி இறங்கி, கூடை நிறைய மணலோடு மேலே வந்தான்.