வெள்ளிக் காசில் யார் முன்னால்

நாணயச் சாலையில் அவளுக்கு நாற்காலி போட்டுக் காப்பியும் கொடுத்தார்கள். இவ்வளவு உபசாரம் நடந்தால் எங்கோ கையெழுத்துக் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டியின் நினைவாக வெள்ளிக் காசு வரப்போகிறது. நானூறு மீட்டரில் ஜெயித்த அவள் உருவம்தான் அதில். பார்வையில்லாத அவளும், ஒரே கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்தபடி கூட ஓடிய தம்பியும்.

"காசு அடிக்கிற அச்சு மத்தியானம் உலைக்குப் போகுதும்மா. இறுகிட்டா அப்புறம் உளி இறங்காது. தடவிப் பார்த்துச் சொல்லிருங்க" என்றார் அச்சு வெட்டுகிறவர்.

ஈயத்தில் எடுத்த மாதிரியைக் கையில் வைத்தார். அவள் விரல் கயிற்றைத் தொட்டது, தம்பியின் மூக்கைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது.

"இவன் எனக்கு முன்னால போறான்."

"வழி காட்டுறவர் முன்னாலதானே போகணும்?"

"போனா என்னைப் போட்டியிலேர்ந்தே தூக்கிருவாங்க. முடிவுக் கோட்டை நான்தான் முதல்ல தாண்டணும். இவன் இழுக்கவே கூடாது."

தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே அதைத்தான் சொல்லித் திரிகிறார்கள். தம்பி இழுத்தானாம், அக்கா வந்து சேர்ந்தாளாம். அந்த வாய்களையெல்லாம் ஓடி ஓடி அடைத்தவள் அவள். இப்போது அரசாங்கமே அதை வெள்ளியில் அடித்துக் கொடுத்தால் யார் வாயை அடைப்பது?

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஒரு நூல் அளவுதானேக்கா, விடேன்" என்றான் கூட வந்திருந்த தம்பி. "காசுலயாவது நான் ஜெயிச்சுக்கிறேன்."

"மூஞ்சியப் பாரு."

அச்சு வெட்டுகிறவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக அவர் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. "காசுல மேடுன்னா அச்சுல பள்ளம்மா. வெட்டினது வெட்டினதுதான். அவரைப் பின்னால தள்ள முடியாது."

அவள் ஈயத்தை மறுபடி தடவினாள்.

"அவனைத் தள்ள வேண்டாம். நான் நெஞ்சை முன்னால சாய்ச்சுத்தான் கோட்டைத் தொட்டேன். அவன் மூக்கை விட ஆழமா வெட்டி என்னை முன்னால கொண்டுவாங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது, பிறகு உளியின் சின்னத் தட்டல். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு ஈயம் அவள் கைக்கு வந்தது. நெஞ்சும் தலையும் முந்தியிருந்தன. தம்பியின் மூக்கு அவள் தலைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்க."

"போதும்க்கா. அவ்வளவு தூரமெல்லாம் நீ முந்தலை. பக்கத்துல ஓடினவன் எனக்குத் தெரியாதா?"

அவள் ஈயத்தைக் கீழே வைத்தாள்.

"சரி, முந்தின அளவு போதும். பேனா எங்க?"