மஞ்சள் டப்பாவுக்கு வந்த கண்டம்

சலவைக்கடைக்காரரின் மனைவி ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் மஞ்சளின் அருமை பெருமைகளைப் படித்துத் தொலைத்தாள். அன்றோடு அந்த வீட்டு நாக்குகளின் நிம்மதி போயிற்று. முட்டையில் மஞ்சள், சூப்பில் மஞ்சளும் இஞ்சியும், தேநீரில் பட்டை, காலையில் மிளகு தட்டிப்போட்ட மஞ்சள் பால். கேட்டால், "உடம்புக்கு நல்லதுங்க" என்பாள். வீட்டில் எல்லோரையும் தன் கையால் தெம்பாக வைத்திருக்கிறோம் என்ற நினைப்பில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கணவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குடிப்பார். வெள்ளைத் துணியை நம்பிப் பிழைக்கிறவருக்கு மஞ்சள் என்றாலே ஆகாது. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து முதல் முறையாக நாற்பது வெள்ளைக் கோட்டுகள் சலவைக்கு வந்த அன்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதுல ஒண்ணுல மஞ்சள் பட்டாலும் அந்த டப்பாவுக்கு இந்த வீட்ல இடம் கிடையாது. சொல்லிட்டேன்."

"படாதுங்க. நான் என்ன சின்னப் புள்ளையா?"

மறுநாள் காலை, தேய்த்து அடுக்கிய கோட்டுகளில் பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பால் டம்ளர். மிளகு தன் வேலையைக் காட்டியது. ஒரே தும்மல்! மேலே கிடந்த கோட்டில் காலரிலிருந்து பை வரை மஞ்சள் ஓடியது.

ஐயோ, போச்சு! பதறியடித்துக் குழாயடிக்கு ஓடிச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் செக்கச்செவேலென்று ஆகிவிடும் என்பது சலவைக்கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். அவசரத்தில் இவளுக்கு மறந்துவிட்டது. கோட்டைப் பார்த்தால் கொலை நடந்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அலசு அலசென்று அலசியதில் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளில் வந்து நின்றது. இனி வெயில்தான் கதி. வெயிலுக்கு மஞ்சள் வெளிறிவிடும்.

நல்லவேளையாக, சோப்புத்தூள் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கணவர் வெளியே போயிருந்தார். கோட்டைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காயப்போட்டால் யார் கண்ணிலும் படாது.

அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். சாட்சாத் அவள் கணவர்தான். இரண்டு கைகளாலும் ஒரு வெள்ளைக் கோட்டை வெயிலுக்கு விரித்துப் பிடித்திருந்தார். அதன் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"அது வந்து... பாத்திரத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்று இழுத்தார். "வீணாப் போகுதேன்னு..."

"உங்களுக்குத்தான் பிடிக்காதே?"

"தினமும் ரெண்டாவது டம்ளர் யாரு குடிக்கிறான்னு நெனச்சே?"

பாத்திரத்தில் மிச்சம் வைக்கும் பால் தினமும் காணாமல் போவதற்கு இத்தனை நாளும் அவள் கூடவே இருந்த நாத்தனாரைச் சந்தேகப்பட்டிருந்தாள். அடக்கமுடியாமல் சிரித்து, தொட்டியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளிடமிருந்த ஈரக் கோட்டையும் வாங்கி, இரண்டையும் கொடியில் பக்கம் பக்கமாகப் போட்டுக் கிளிப் மாட்டினார்.

"சாயங்காலம்தானே கொடுக்கணும். அதுக்குள்ள வெளுத்துரும்."

"அப்ப டப்பா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த டப்பா?" என்றார் அவர்.